ஆறாம் குளத்து லம்பாமுக்கு வளைகாப்பு

பாலத்தடி

எனக்கு இந்த யோசனை வந்தது ஒரு குலை லோரியால். அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்த லோரிதான் காரணம் என்று சொன்னால் அது நியாயமில்லை. இருந்தாலும் முதல் குற்றவாளியாக அதைத்தான் நிறுத்துவேன்.

ஈஜோக் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பெரிய பாரிட் ஓடுகிறது. தோட்டத்து நீரைச் சிலாங்கூர் ஆற்றில் கொண்டு சேர்க்கும் வாய்க்கால் அது. அதன் மேல் ஒரு பழைய பாலம். பாலத்தின் வாயிலேயே ஒரு பள்ளம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி அதில் இறங்கி ஏறும்போது உதிரிப் பழங்கள் பத்து இருபது தண்ணீரில் விழும். மார்ச் மாதத்து வெயிலில் மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். லோரி இன்னும் வளைவில் திரும்பவில்லை. சத்தம் மட்டும் தூரத்தில் கேட்கிறது. அதற்குள் பாலத்துக்குக் கீழே மீன்கள் வந்து நின்றுவிட்டன.

லம்பாம். வெள்ளித் தகடு மாதிரி உடம்பு, சிவந்த வால். ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்களைப் போல எல்லாம் ஒரே பக்கம் தலையை வைத்துக்கொண்டு நின்றன. லோரி வந்தது, பள்ளத்தில் விழுந்து எழுந்தது, பழம் கொட்டியது. தண்ணீர் ஒரு நிமிடம் கொதித்து அடங்கியது. மீன்களும் போய்விட்டன, பழமும் இல்லை.

லோரி வரும் நேரம் தெரிந்த மீன். இலவசத் தீனி. ஆற்று லம்பாமை எங்கள் வட்டாரத்தில் யாரும் குஞ்சு பொரிக்கவைப்பதில்லை. இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். தொப்பியை மாட்டியபோது நான் ஏற்கெனவே குஞ்சு விற்றுக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். பாதி பார்த்ததுமே மீதி தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

மீன் பண்ணையில் வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் அந்தப் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது.

பாஸ் கொடுத்த தவணை

எங்கள் பாஸ் சேகரன் ஒரு காலத்தில் குலை லோரி ஓட்டியவர். பிறகு சொந்த லோரி, பிறகு நிலம், இப்போது எட்டுக் குளங்கள். ஆறாம் குளத்தைத் தவிர மற்றதிலெல்லாம் திலாப்பியாவும், கெலி என்கிற கெளுத்தியும். நான் மீன் வளர்ப்பில் டிப்ளோமா முடித்துவிட்டு அவரிடம் குஞ்சுப் பிரிவுக்கு வந்தவள். சந்தோஷமாக இருந்தால் என்னை "அம்மாடி" என்பார். கோபம் வந்தால் "மேடம்".

லம்பாம் என்றதும் முகம் சுளித்தார். "முள்ளு மீனும்மா அது. எவன் வாங்குவான்?"

ஆற்று மீன் கேட்டு வரும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிச் சொன்னேன். தூரத்திலிருந்து வரும் குஞ்சுகள் பையிலேயே பாதி செத்துப்போவதைச் சொன்னேன். எதுவும் ஏறவில்லை. தீனி இலவசம், செம்பனைப் பழத்தையே தின்னும் என்று சொன்னபோதுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆறாவது கொளம் சும்மாதான கெடக்கு, எடுத்துக்க. ஆனா தீபாவளிக்கு முன்னால எனக்குக் குஞ்சு காட்டணும். காட்டலன்னா கெலி உட்டுருவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது லா."

கோலாலம்பூரில் ஒரு ஆய்வகத்தில் வேலை இருப்பதாகத் தோழி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே போகாமல் ஏன் இந்தச் சேற்றில் நிற்கிறாய் என்று வீட்டில் தினமும் கேள்வி. அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் ஆறாம் குளம். அது போனால் நானும் வெறும் திலாப்பியாக் குஞ்சு அள்ளிப் பையில் போடும் ஆள்தான்.

ஒரே ஒரு வரி

பாலத்தடியில் வீச்சு வலை போட்டு முப்பது சொச்சம் பிடித்தோம். ஆறாம் குளத்தில் விட்டு, தண்ணீர் ஓட ஒரு பம்புக் குழாயும் வைத்தோம். தீனி போடும் பொறுப்பு அஞ்சலை அக்காவுக்கு. அக்கா முன்பு தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். விடிவதற்கு முன்பே வந்து எட்டுக் குளத்துக்கும் தீனி போட்டு முடித்துவிடுவார். கை வேகம், வாய் அதைவிட வேகம். நான் எட்டு மணிக்கு வரும்போது அவருடைய பாதி நாள் முடிந்திருக்கும்.

செம்பனைப் பழத்தை வேகவைத்து நசுக்கி வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு வாளி. மற்ற நாளில் தவிடும் கீரையும். இதை ஒரு தாளில் எழுதித் தீனிக் கொட்டகையில் ஒட்டினேன். அக்கா அதைப் படித்துவிட்டு, என் கையெழுத்து ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது என்றார்.

ஜூன் மாதத்துக்குள் மீன்களுக்கு வயிறு வைத்துவிட்டது. வலையைத் தூக்கினால் ஒவ்வொன்றும் குண்டுக் குண்டாக உருண்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குத்தான் அந்த வரியைச் சொன்னேன்.

"அக்கா, எல்லாம் முட்டையோட இருக்கு. நல்லா பாத்துக்குங்க."

லம்பாமில் ஆணைக் கண்டுபிடிப்பது எளிது. உடம்பு சின்னது, கன்னம் சொரசொரப்பாக இருக்கும், வயிற்றை லேசாக அழுத்தினால் பால் மாதிரி விந்து வரும். பெண்ணுக்கு வயிறு உருண்டிருக்கும், ஆசனவாய்ப் பக்கம் சிவந்து தடித்திருக்கும். ஆனால் வயிற்றை மட்டும் நம்பக்கூடாது. மெல்லிய குழாயை உள்ளே விட்டு நாலு முட்டையை உறிஞ்சி எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். கல்லூரியில் இதைச் செய்யாமல் ஊசியைத் தொடவே விடமாட்டார்கள். என்னிடம் இருந்த குழாய் தடிமனாக இருந்தது. வேறு வாங்கி வரப் பொறுமை இல்லை. இவ்வளவு பெரிய வயிறு இருக்கும்போது குழாய் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஆசனவாய் சிவந்திருந்ததா என்று பார்த்தேனா? பார்த்தேன். சிவக்கவில்லை. வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று ஊசி

முதல் ஊசி ஜூனில். காலை ஏழு மணிக்கு முட்டையை இறங்கவைக்கும் ஹார்மோன் போட்டு, மதியம் இரண்டு மணிக்கு மேல் வயிற்றைத் தடவிப் பிழிய வேண்டும். முட்டை தானாகக் கொட்ட வேண்டும். அன்றைக்குக் கொட்டியது என் வேர்வைதான். மருந்து பழசு என்று முடிவு கட்டினேன்.

பாஸ் வந்து எட்டிப் பார்த்தார். "மேடம், மீனுக்கு வெக்கமா இருக்கும் போல. நீங்க எல்லாம் சுத்தி நின்னா எப்படி?"

இரண்டாவது ஊசி ஜூலையில். புது மருந்து. பிழிந்தபோது மஞ்சளாக ஒரு சொட்டு எண்ணெய் வந்தது. அதைக்கூட முட்டை வரப்போகிற அறிகுறி என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் கிழித்துவிடத் தோன்றுகிறது. அன்றும் குற்றவாளி கிடைத்தது: மருந்தின் அளவு குறைவு.

அதே வாரத்தில் அஞ்சலை அக்கா லீவு கேட்டிருக்கிறார். பாஸ் என்னிடம் கேட்டார். மீனைப் பிடித்துக்கொள்ள அக்காவின் கை வேண்டும், இந்த வாரம் முடியாது என்று நான் சொன்னேன். எதற்கு லீவு என்று கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மூன்றாவது ஊசி ஆகஸ்டில். அளவைக் கூட்டினேன். ஒன்றும் வரவில்லை. இந்த முறை பாஸ் கிண்டல் பண்ணவில்லை. அளவு டேப்பைக் கொண்டுவந்து ஆறாம் குளத்தின் நீள அகலத்தை அளந்தார். எத்தனை கெலிக் குஞ்சு விடலாம் என்று வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். கிண்டல் பண்ணியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அறுத்துப் பார்த்தேன்

மூன்றாவது ஊசி போட்ட மறுநாள் ஒரு பெண் மீன் செத்து மிதந்தது. மேசையில் வைத்து வயிற்றைக் கீறினேன்.

உள்ளே முட்டை இல்லை. ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு, குடலைச் சுற்றித் திரி திரியாக அடைந்து கிடந்தது. கத்தி வழுக்கியது. விரலெல்லாம் செம்பனை எண்ணெய் வாடை. முட்டைப்பையைத் தேடிக் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் ஆனது. கொழுப்புக்கு அடியில், இரண்டு பழைய தையல் நூல் மாதிரி நசுங்கிக் கிடந்தது. மூன்று மாதம் நான் ஊசி போட்டது இந்த நூலுக்குத்தான்.

வாரத்துக்கு இரண்டு வாளியில் இவ்வளவு கொழுப்பு ஏற வாய்ப்பில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இதுக்கு என்ன போட்டீங்க?"

"நீ சொன்னதத்தான் தங்கச்சி போட்டேன்."

"வாரத்துக்கு ரெண்டு வாளிதான சொன்னேன்?"

"அது முன்னாடி. வயித்துல இருக்குன்னு நீயே சொன்னப்புறம் எப்படி ரெண்டோட நிறுத்துறது? தெனம் ரெண்டு வாளி போட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, மற்றதையும் தானாகவே சொல்லத் தொடங்கினார். மீனுக்கு எத்தனை மாதம் என்று தெரியாததால் ஒரு நல்ல வெள்ளிக்கிழமையாகப் பார்த்தாராம். வீட்டிலிருந்து ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்தாராம். புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், எலுமிச்சை, தயிர், சர்க்கரைப் பொங்கல். குளத்து மதகுக் கட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு ஐந்தையும் தண்ணீரில் போட்டாராம். புளிச்சாதத்தை மட்டும் மீன் அவ்வளவாகத் தொடவில்லையாம்.

மதகுக் கட்டையில் மஞ்சள் கறை இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். துரு என்று நினைத்தேன்.

"அப்ப தண்ணிக் குழாய்? பம்பு ஏன் ஓடல?" என்றேன்.

"நாந்தான் அடைச்சேன். அந்தத் தள்ளு தள்ளுது தண்ணி. புள்ளத்தாச்சிய அப்படியா அலைக்கழிப்பாங்க?"

அந்தக் குழாய் காய்ந்து கிடப்பதை நான் இரண்டு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். பாஸ் கரண்டை மிச்சம் பிடிக்க நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். பாஸோ, நான்தான் கரண்டை மிச்சம் பிடிக்க நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். யாரும் யாரையும் கேட்கவில்லை. லம்பாம் ஓடும் தண்ணீரில் முட்டையிடும் மீன். மழை பெய்து நீர் ஏறி இழுப்பு வந்தால்தான் அதற்கு முட்டையே முற்றும். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து, ஆற்று மீனைக் கட்டிலில் படுக்கவைத்து நெய்ச்சோறு ஊட்டியிருக்கிறோம்.

அக்கா மேசையில் கிடந்த மீனைக் குனிந்து பார்த்தார். கொழுப்பை விரலால் ஒதுக்கினார்.

"அப்ப இதுங்க முழுகாம இல்லியா?"

"இல்லக்கா. வெறும் கொழுப்பு."

"எங்க வூட்டுக்காரரு மாதிரி," என்றார். சிரிக்கவில்லை. மீனை ஒரு இலையில் எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

கோபத்தில் நான் அன்று நிறையப் பேசினேன். எல்லாவற்றையும் இங்கே எழுதப் போவதில்லை. சாயந்திரம் பாஸ்தான் சொன்னார்: ஜொகூரில் இருக்கும் அக்காவின் மகளுக்கு ஜூலையில் ஏழாம் மாதம். சம்பந்தி வீட்டிலேயே வளைகாப்பு நடத்தினார்கள். அதற்குத்தான் அக்கா லீவு கேட்டார். போகவிடாமல் நிறுத்தி வைத்தது நான். அந்த ஐந்து சோறும் மகளுக்கு வளைகாப்பு நடந்த அந்த வெள்ளிக்கிழமை சமைத்ததுதான்.

அதைத் தெரிந்துகொண்ட பிறகு கோபப்படுவதற்கு வேறு ஆள் தேட வேண்டியிருந்தது. அதிக தூரம் தேடவில்லை.

பட்டினி

செப்டம்பரில் செம்பனைப் பழத்தை அடியோடு நிறுத்தினேன். கங்கோங் கீரை, மரவள்ளி இலை, சாயந்திரம் கொஞ்சம் மாத்திரைத் தீனி. பம்பு முழு வேகத்தில். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவர், வாய்விட்டுக் கேட்கத் தெரியாத ஜீவனைப் பட்டினி போடுவது பாவம் என்று நாலு முறை சொன்னார். ஒருநாள் காலையில் குளத்து ஓரத்தில் ஆரஞ்சு நார் மிதந்தது. கேட்டால், "ஒரு கைப்பிடிதான். என்னப் பாத்துக்கிட்டே நிக்கிது, எப்படிப் போடாம வர்றது?" என்கிறார். அந்த மீன்கள் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் நிற்கும். லோரியையே பார்த்து நின்றவை.

கடைசியில் கோலா சிலாங்கூருக்குப் போய், மருந்துக் கடையில் பச்சைக் குழந்தைக்குப் பால் செலுத்தும் மெல்லிய குழாய் வாங்கினேன். கடைப் பெண் பாப்பாவுக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். இன்னும் பிறக்கவில்லை என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

குழாய் உண்மையைச் சொன்னது. ஒவ்வொரு பெண் மீனிலும் விட்டுப் பார்த்தேன். சொட்டு எண்ணெய், சொட்டுத் தண்ணீர். முட்டை ஒன்றுகூட இல்லை. நாலு மாதத்தில் ஏற்றிய கொழுப்பு நாலு வாரத்தில் இறங்காது. அக்டோபர் பிறந்துவிட்டது. கெலிக்காரரிடம் சொல்லியாயிற்று, தீபாவளி முடிந்ததும் லோரி வரும் என்றார் பாஸ். கொளத்த சுத்தம் பண்ணி வைங்க மேடம் என்றும் சொன்னார்.

அந்த வாரம் தோழிக்குப் போன் செய்து, ஆய்வகத்தில் அந்த இடம் இன்னும் காலியா என்று கேட்டேன்.

லோரி வராத பாலம்

மழை பிடித்துக்கொண்டது. பாலத்துச் செம்மண் சாலை குழம்பாகிவிட்டது. ஒரு மதியம் தூறலில் மோட்டாரை உருட்டிக்கொண்டு வந்தேன். பாலத்தில் ஒரு மலாய்க்கார பக்சிக், வயதான மாமா, தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. எட்டிப் பார்த்தேன், நாலு லம்பாம். எல்லாம் ஒல்லி. ஆறாம் குளத்து மீன்கள் இவற்றைப் பார்த்தால் இரக்கப்படும்.

பக்சிக் ஒரே புலம்பல். செம்பனைப் பழத்தைக் கோத்தால் ஒரு மீனும் தொடுவதில்லையாம், மண்புழு போட்டால்தான் கடிக்கிறதாம். லோரிகள் இந்தச் சேற்றில் வராமல் மழை தொடங்கியதிலிருந்து பெரிய சாலை வழியாகச் சுற்றிப் போகின்றனவாம். பழம் விழுந்தே நாளாகிவிட்டது, மீனெல்லாம் இளைத்துப்போய்விட்டது, தின்ன ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு மீனைப் பாலத்துச் சுவரில் வைத்துக் கீறினார்.

சாம்பலும் மஞ்சளும் கலந்த ரவை மாதிரி முட்டை, சுவரில் கொட்டி வழிந்தது.

மோட்டாரைக் கீழே போட்டுவிட்டேன். ஸ்டாண்டைப் போட மறந்துவிட்டது. பக்சிக் எனக்கு அடிபட்டுவிட்டதோ என்று பயந்து கேட்டார். வாளியில் இருந்த மற்றொரு பெண் மீனையும் கீறச் சொன்னேன். அதிலும் முட்டை. குடலை வாங்கிப் பிதுக்கிப் பார்த்தேன். கரைப் புல், இரண்டு எறும்பு, ஒரு சின்ன இறால், அவ்வளவுதான். கொழுப்பு நூல் அளவு.

மார்ச் மாதத்தில் நான் இதே இடத்தில் நின்று இதே மீனைப் பார்த்தவள். அது என்ன தின்கிறது என்று பார்த்தேன். எப்போது தின்னாமல் கிடக்கிறது என்று பார்க்கவில்லை. வெயில் காலத்தில் லோரி, பழம், கொழுப்பு. மழை வந்தால் லோரி இல்லை, பழம் இல்லை. நீர் ஏறி இழுக்கும், மீன் எதிர்த்து நீந்தும். சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் அப்போதுதான் முட்டையாக மாறும். அரைப் பட்டினியும் ஓட்டமும் சேர்ந்ததுதான் அதன் பேறுகாலம். நான் வெயில் காலத்தை மட்டும் பிடித்துக் குளத்தில் அடைத்து வைத்துவிட்டு மழைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள்.

அக்காவின் கை

மறுநாள் அதே பாலத்தடியில் வீச்சு வலை. இழுப்பு அதிகம், மூன்று முறை வலை வேரில் மாட்டிக் கிழிந்தது. இரண்டு நாள் அலைந்து ஒன்பது மீன் கிடைத்தது. அதில் மூன்று பெண். இந்த முறை வயிற்றைப் பார்க்கவே இல்லை. குழாயை விட்டேன். இரண்டில் முட்டை வந்தது, ஒரே அளவில், தனித்தனியாக. தொட்டியில் விட்டு ஒரு நாள் ஆற வைத்தேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஏழு மணிக்கு ஊசி. அக்கா அன்று வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வீட்டில் முறுக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு வந்திருந்தார். நான் ஆகஸ்டில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "மொதல்ல மீனப் புடி, அப்புறம் பேசலாம்," என்றார்.

இரண்டரை மணிக்குக் கிராம்பு எண்ணெய்த் தண்ணீரில் மீனை மயக்கினோம். அக்கா அதை ஈரத் துணியில் சுற்றி, தலையை முழங்கையில் வைத்து, வாலை இரு விரலால் பிடித்துக்கொண்டார். நான் உலர்ந்த கிண்ணத்தை நீட்டி, வயிற்றை மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவினேன். அழுத்தக்கூட இல்லை. முட்டை நூல் பிடித்தது மாதிரி இறங்கியது.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது, விட்டபோதுதான் தெரிந்தது. "இத்தினிக்காணு வயித்துக்குள்ள இவ்வளவா," என்றார்.

ஆண் மீனின் விந்தைச் சேர்த்து, கோழி இறகால் கிளறி, பிறகு தண்ணீர் விட்டோம். லம்பாம் முட்டை ஒட்டாது, தண்ணீர் குடித்து வீங்கி மிதப்பும் முழுக்குமாக உருளும். அது உருண்டுகொண்டே இருக்க வேண்டும், தேங்கினால் அழுகிவிடும். அதற்கான கருவி எங்களிடம் இல்லை. குடிநீர் கேலன் புட்டியின் அடியை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழிருந்து தண்ணீர் ஏற்றினோம். இரண்டாவது மீன் பாதிதான் கொடுத்தது. போதும் என்றேன்.

மறுநாள் விடிந்ததும் அக்காதான் முதலில் பார்த்தார். எனக்குப் போன் செய்து ஒரே வாக்கியம்: "பாதி வெள்ளையாக் கெடக்கு, பாதி துள்ளுது, வா."

பாஸ் பார்த்தார்

தீபாவளிக்கு முந்தின நாள். கடைக்குப் போகிற அவசரத்தில் பாஸ் வந்தார். தொட்டியில் குனிந்து பார்த்தார்.

"எங்கம்மா?"

வெள்ளைத் தட்டில் அள்ளிக் காட்டினேன்.

"தூசி மாதிரி இருக்கு."

"தூசி எதிர்த்து நீந்துமா பாஸ்?"

கைப்பேசியில் கேமராவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார். குஞ்சுகள் நேராக மேலே ஏறி, களைத்துப்போய்க் கீழே விழுந்து, மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தன. ரொம்ப நேரம் பார்த்தார். "கண்ணு ரெண்டு, நடுவுல ஒரு நூலு. வேற ஒண்ணுமே இல்லியே," என்றார். பிறகு, உள்ளே கிடக்கும் அந்தக் குண்டு மீன்களின் முட்டையா இது என்று கேட்டார். பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. இது பாலத்தடி மீன், நம் குளத்து மீன் இன்னும் தயாராகவில்லை என்றேன்.

யோசித்தார். கெலிக்காரருக்கு என் முன்னாலேயே போன் போட்டார். ஏழாவது குளத்தில் இடம் இருக்கிறது, அதில் விடுங்கள் என்றார்.

"ஏப்ரல் மழைக்கு அந்தக் குண்டுங்க முட்ட போடணும். அதுவரைக்கும் கொளம் ஒன்னோடது அம்மாடி."

இனி

குஞ்சுகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே போய்விட்டன. அதன் வாய்க்குள் போகிற அளவுக்கு நுணுக்கமான தீனி என்னிடம் தயாராக இல்லை. கோழி முட்டை மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விட்டேன், தண்ணீர் கெட்டுப்போனது. அடுத்த முறை பத்து நாள் முன்பே நுண்பாசி வளர்ந்த பச்சைத் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். பிழைத்தவை இப்போது நகத்தளவு. வலை கட்டிப் பிரித்த ஆறாம் குளத்தின் ஒரு பாதியில் ஓடுகின்றன. மறு பாதியில் அந்தப் பழைய குண்டு மீன்கள். மாதம் ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்கிறேன். எண்ணெய் குறைந்திருக்கிறது. போன வாரம் ஒன்றில் மட்டும் மணல் மாதிரி இரண்டு மூன்று பொடி முட்டை வந்தது.

நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். மீனின் தீனியைக் குறித்துக்கொள்ளும்போது, தின்னாத நாட்களையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, கூட வேலை செய்கிறவர் லீவு கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். இரண்டாவதைச் செய்திருந்தால், வளைகாப்புப் பேச்சில் அக்கா தினம் போடும் வாளியும் வெளியே வந்து, முதலாவது எனக்கு ஜூலையிலேயே தெரிந்திருக்கும்.

அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை. இந்த முறை லீவுக்கு நானே பாஸிடம் போய் நின்றேன். பத்து நாள் ஜொகூரில் இருந்துவிட்டு, மகளுக்குப் பத்தியச் சமையல் செய்து போட்ட கதையோடு திரும்பி வந்தார். வந்ததும் முதல் கேள்வி, குண்டுகளுக்கு எப்போது பழம் போடலாம் என்பது. எனக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. கொழுப்பு, முட்டைப்பை, நீரோட்டம் என்று தொடங்கினேன். அக்கா கொட்டாவி விட்டார். அப்போதுதான் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, மனுசிக்குப் பத்தியம் பெத்ததுக்கு அப்புறம். இதுக்குப் பெறுறதுக்கு முன்னாடி."

அக்காவின் அடுத்த கொட்டாவி பாதியில் நின்றது.

"இத மார்ச்சு மாசமே சொல்லியிருக்கலாம்ல? ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதி ஒட்டினே." பிறகு, "அப்ப வளைகாப்பு?"

"முட்ட போட்ட மறுநாள் வச்சிக்கலாம். புளிச்சாதம் மட்டும் வேணாம்."

பழ வாளியைக் கழுவி மதகுக் கட்டையின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார் அக்கா. யாரும் தொடக்கூடாது என்று பாஸுக்கே உத்தரவு. ஏப்ரலில் சாலை குழம்பாகி, லோரி சுற்றிப் போகத் தொடங்கும் முதல் நாள் நான் குழாயை எடுக்கிறேன். தனித்தனியாக, ஒரே அளவில் முட்டை வந்தால் மறுநாள் காலை ஊசி. அதற்கு அடுத்த நாள் காலையில் அந்த வாளி பழத்தோடு நிமிர வேண்டும்.